மாநிலக் கோட்டை நகர்த்தினால் யார் ஜெயிப்பார்கள்? கூடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் வட்டாரத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்கு வாக்குச்சாவடிப் பணி வந்துவிடும். அழியாத மை, அரக்கு, படிவம் 17சி என்று பல தேர்தல்களைப் பார்த்தாயிற்று. எங்கள் ஊரின் அமைப்பு அப்படி: கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம், பாட்டவயலைத் தாண்டினால் வயநாடு, நாடுகாணியில் இறங்கினால் நிலம்பூர். ‘கோடு கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்ற பேச்சு இங்கே டீக்கடைக்கு டீக்கடை உண்டு. தேர்தல் பணி பார்த்தவன் என்பதால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது.

ஒருவர்கூட மனம் மாறாமல், எல்லைக் கோடு மட்டும் மாறினால் ஆட்சி மாறுமா?

மாறும். கற்பனைக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாநிலங்கள், இரண்டிலும் இருபது இருபது தொகுதிகள் எல்லாம் வேண்டாம், பத்துப் பத்து போதும். முதல் மாநிலத்தில் சிவப்புக் கட்சிக்கு 6, நீலக் கட்சிக்கு 4. இரண்டாவதில் சிவப்புக்கு 3, நீலத்துக்கு 7. ஆளுக்கொரு ஆட்சி.

இப்போது முதல் மாநிலத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று சிவப்புத் தொகுதிகளைப் பிய்த்து இரண்டாவதோடு ஒட்டுங்கள். முதல் மாநிலத்தில் சிவப்பு 3, நீலம் 4. இரண்டாவதில் சிவப்பு 6, நீலம் 7. மொத்தத்தில் சிவப்புக்கு முன்பும் 9 இடம், இப்போதும் 9 இடம். ஆனால் இரண்டு ஆட்சியும் நீலத்துக்குப் போய்விட்டது. ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை. அவர் வாக்கு எந்தக் குவியலில் விழுகிறது என்பதுதான் மாறியது.

இது கரும்பலகைக் கணக்கு. நம் பக்கத்தில் நிஜமாக நடந்திருக்கிறதா?

இரண்டு முறை, அதுவும் நம்மைச் சுற்றியே.

1952 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. ராஜாஜி முதல்வரானதும் மற்றவர்களைச் சேர்த்து ஆட்சி நடத்தியதும் பழைய கதை. காங்கிரஸ் பலமாக அடிவாங்கிய இடங்கள் ஆந்திர மாவட்டங்களும் மலபாரும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து போனது. எஞ்சிய சென்னை மாநிலத்தில் காங்கிரசின் நிலை தானாகவே வலுப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் கேரளத்துக்குப் போனது. காமராஜர் ஆட்சியின் நிலைத்தன்மைக்கு அவருடைய திறமை ஒரு காரணம். வரைபடமும் ஒரு காரணம். இரண்டாவதை நம் ஊர் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

அந்தப் பக்கம் இன்னும் சுவாரசியம். திருவிதாங்கூர்-கொச்சியில் 1954 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. அங்கிருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் கட்சி அது. தெற்கே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் 1956இல் நம் பக்கம் வந்தன. மலபாரும் காசர்கோடும் கேரளத்தில் சேர்ந்தன. அடுத்த ஆண்டே நடந்த தேர்தலில் 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடு இ.எம்.எஸ். ஆட்சி அமைத்தார். இவ்வளவு மெல்லிய பெரும்பான்மையில், பழைய எல்லையே நீடித்திருந்தால் அந்த ஆட்சி வந்திருக்குமா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

குமரி மாவட்டத்தின் தேர்தல் குணம் இன்றும் தனி. மற்ற மாவட்டங்களில் திராவிடக் கட்சிகள் இரண்டும் மல்லுக்கட்டும்போது அங்கே காங்கிரசும் பாரதிய ஜனதாவும் நேருக்கு நேர் நிற்கும். 1956இல் வந்து சேர்ந்த அந்த நிலம், தன் வாக்குப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தது.

தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தால்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை அதிகம். இரண்டும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மலைத் தாலுகாக்கள். மூணாறு இருப்பது தேவிகுளத்தில்.

பந்தலூர் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் மூணாறு. இரண்டு பக்கமும் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற கைகள். விரல் நுனியில் ஒரே கறை. சாப்பாட்டுப் பந்தியில் தேர்தல் பேச்சு வந்தது. மூணாற்றுப் பெரியவர் யூனியன், செங்கொடி, காங்கிரஸ் சார்பு ஐ.என்.டி.யூ.சி. தொழிற்சங்கம் என்று பேசுகிறார். இங்கத்திப் பாட்டி ஒருத்தி, ‘‘எங்களுக்கு உதயசூரியன், இல்லாவிட்டால் இரட்டை இலை. நாங்கள் கிள்ளுவது இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். சின்னத்தில் கொழுந்தைத்தான் காணோம்’’ என்றார். பந்தியே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு பாடமே இருக்கிறது. ஒரே மொழி, ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே கூலிப் பிரச்சினை. ஆனால் தேவிகுளத்தில் முக்கியப் போட்டி இடதுசாரிகளுக்கும் காங்கிரசுக்கும். கூடலூரில் தி.மு.க. அணிக்கும் அ.தி.மு.க. அணிக்கும். அ.தி.மு.க. தேவிகுளத்தில் வேட்பாளர் நிறுத்திப் பார்த்ததுண்டு; அங்கே வேர் பிடிக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவுடன் பரிமாறப்படும் பலகாரமே வேறு. இருப்பதிலிருந்துதானே எடுத்துத் தின்ன முடியும்?

அந்த மலையின் வாக்கு ஒருமுறை கேரள ஆட்சிக்கே உயிர்நாடியாக இருந்தது. 1957இல் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாது என்றாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. இ.எம்.எஸ். அரசுக்கு இருந்த பெரும்பான்மையோ நூலிழை. தமிழ்த் தொழிலாளர்களைக் கவர, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுகளுக்காகப் பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். தேவிகுளம் சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தால், அந்தப் பாட்டுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

(2021இல் தேவிகுளத்தில் வென்ற மார்க்சிஸ்ட் உறுப்பினர் அ. ராஜா, தமிழில் பதவியேற்றவர். நம் நீலகிரி எம்.பி. ஆ. ராசா. இரண்டு மலைக்கும் இரண்டு ராஜா, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கூடலூர் எப்படித் தமிழ்நாட்டில் வந்தது?

வாக்குச்சீட்டைக் காணாத காலத்தில் போட்ட கோட்டினால். கூடலூர், பந்தலூர் எல்லாம் பழைய வயநாட்டின் பகுதிகள். மலபார் மாவட்டத்தில் இருந்தவை. ஆக்டர்லோனி பள்ளத்தாக்கை 1873இலும் தென்கிழக்கு வயநாட்டை 1877இலும் ஆங்கிலேயர் நீலகிரி மாவட்டத்தோடு இணைத்தார்கள். காப்பித் தோட்டம், தங்கச் சுரங்கம் என்று துரைமார்களுக்கு ஊட்டியிலிருந்து நிர்வாகம் பண்ணுவது வசதி. அந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால், 1956இல் மலபாரோடு சேர்ந்து நாமும் கேரளத்துக்குப் போயிருப்போம் என்பதுதான் என் கணிப்பு.

கோடு வாக்கை மட்டும் மாற்றுவதில்லை, நிலச் சட்டத்தையும் மாற்றுகிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் பரம்பரை உரிமையில் இருந்த ஜென்ம நிலங்களுக்காகத் தமிழ்நாடு 1969இல் தனிச் சட்டமே போட்டது. அதில் வரும் ‘செக்‌ஷன் 17’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் கூடலூரில் பாதிப்பேருக்கு வயிற்றைக் கலக்கும். குத்தகை நிலங்களின் உரிமை தீராமல் கிடப்பது அந்தப் பிரிவில்தான். எங்கள் ஊரில் வேட்பாளர் யாராக இருந்தாலும், எந்தக் கொடி பிடித்தாலும், முதல் வாக்குறுதி பட்டாதான்.

கோடு மாறினால் யார் வேட்பாளராக நிற்கலாம் என்பதும் மாறுமா?

மாறும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பாட்டவயலுக்கு இந்தப் பக்கமும் பணியர், காட்டுநாயக்கர் இருக்கிறார்கள். அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். இரு மாநிலங்களிலும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். அந்தப் பக்கத்துச் சுல்தான் பத்தேரி சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. இந்தப் பக்கத்துக் கூடலூர், 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆக, சில கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த ஒரு பணியர் பெண் பத்தேரியில் எம்.எல்.ஏ. ஆகலாம். இங்கே பிறந்தவர் தன் சொந்தத் தொகுதியில் மனுத்தாக்கலே செய்ய முடியாது. நீலகிரியில் ஆறு தொல்பழங்குடிகள் இருக்கிறார்கள் என்று சுற்றுலாப் பலகையில் எழுதுகிறோம். மாவட்டத்தின் மூன்று தொகுதிகளில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை.

கொங்குநாடு தனி மாநிலம் ஆனால் யாருக்கு லாபம்?

2021 ஜூலையில் மத்திய அமைச்சரவைக் குறிப்பில், புதிதாக இணையமைச்சரான பாரதிய ஜனதாவின் எல். முருகனின் ஊரைக் ‘கொங்குநாடு’ என்று போட்டதும் கிளம்பிய புகை இது. அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசினார்கள். மாநிலம் முழுக்க தி.மு.க. அணிக்கு 159, அ.தி.மு.க. அணிக்கு 75. ஆனால் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கே போயின. சேலத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே மேற்கு மாவட்டங்களைத் தனியே வெட்டினால் அங்கே வேறு ஆட்சி என்பது கணக்கு.

கணக்கு சரிதான், ஆனால் மூன்றே ஆண்டுக்கான கணக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி அத்தனையும் தி.மு.க. அணிக்குப் போயின, மாநிலத்தின் 39 இடங்களும் போயின. நீலகிரியில் முருகனே நின்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆ. ராசாவிடம் தோற்றார். ஒரு தேர்தல் முடிவை வைத்து ஒரு மாநிலத்தை வரைவது, ஒரு நாள் மழையைப் பார்த்துவிட்டு அணை கட்டுவது மாதிரி.

நீலகிரியைக் கொங்கில் சேர்ப்பதா என்பதே ஒரு விவாதம். 2021இல் ஊட்டியும் குன்னூரும் தி.மு.க. அணிக்கு வந்தன, கூடலூர் மட்டும் சிறிய வித்தியாசத்தில் அ.தி.மு.க.வுக்குப் போனது. படுகர் சீமைகளில் கேட்டால் ‘நாங்கள் கொங்கா?’ என்று எதிர்க்கேள்வி வரும்.

கோடு போட்ட கட்சிக்கே அறுவடை கிடைக்கும் அல்லவா?

பெரும்பாலும் இல்லை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்த மாநிலங்களைப் பாருங்கள். வாஜ்பாய் அரசு உத்தராகண்டைப் பிரித்தது. பாரதிய ஜனதாவே முதல் ஆட்சி அமைத்தது. 2002இல் நடந்த முதல் தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து என்.டி. திவாரி முதல்வரானார். சத்தீஸ்கரில் தலைகீழ்: பிறந்தபோது காங்கிரசின் அஜித் ஜோகி, 2003இல் தோற்றபின் பதினைந்து ஆண்டுகள் ரமன் சிங்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் தெலங்கானா. பிரித்தது காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசு. 2014இல் தெலங்கானாவில் கே. சந்திரசேகர ராவின் கட்சி 119இல் 63 இடங்களை வென்று ஆட்சிக்கு வந்தது. மிஞ்சிய ஆந்திரத்தின் 175 தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தது பூஜ்யம். கொடுத்த இடத்தில் நன்றி இல்லை, எடுத்த இடத்தில் மன்னிப்பும் இல்லை.

என் கருத்து இதுதான்: எல்லை மாறியவுடன் கணக்கு மாறுவது நிச்சயம், அந்தக் கணக்கு யார் பக்கம் நிற்கும் என்பதை வரைந்தவர் தீர்மானிக்க முடிவதில்லை. புது மாநிலம் வந்ததும் புதுக் கட்சி முளைக்கிறது, பழைய கூட்டணி உடைகிறது, உள்ளூர்த் தலைவருக்கு முதல்வர் நாற்காலி கண்ணில் படுகிறது.

சட்டமன்றம் ‘முடியாது’ என்றால் மாநிலத்தைப் பிரிக்க முடியாதா?

பிரிக்கலாம். அரசமைப்பின் 3ஆவது பிரிவுப்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் செய்யலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கருத்துப்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பிறகும் 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.

பிரித்தால் டெல்லியில் பலம் கூடுமா?

கூடாது. இருப்பதைப் பங்கு போடுவார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 42 மக்களவை இடங்கள் 25, 17 எனப் பிரிந்தன. மாநிலங்களவையின் 18 இடங்கள் 11, 7 ஆயின.

அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு இருக்கிறதாமே?

அங்கே இது இன்னும் சூடான விஷயம். காரணம் இரண்டு. பெரிய மாநிலமோ சிறியதோ, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். இதனால் ஒன்றை இரண்டாக வெட்டினால் செனட்டில் இடமும் இரட்டிப்பாகும். 1889இல் டகோட்டா நிலப்பகுதியை வடக்கு, தெற்கு என இரண்டு மாநிலங்களாகச் சேர்த்ததில் குடியரசுக் கட்சிக்கு இந்தக் கணக்கும் இருந்தது. இரண்டாவது காரணம், அதிபர் தேர்தலில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போகும். அதிபரைத் தேர்ந்தெடுப்பது அந்தத் தேர்வாளர்கள்தான். மொத்தம் 538, ஜெயிக்க 270.

ஒரு நல்ல உதாரணம் டொலிடோ நகரம். ஒஹாயோவும் மிச்சிகனும் 1835இல் அந்த நிலப்பட்டைக்காக ஆயுதம் தாங்கியே நின்றன. கடைசியில் ஒஹாயோவுக்கு டொலிடோ. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே ஒரு தீபகற்பம். 2016இல் டிரம்ப் மிச்சிகனில் வென்றது 10,704 வாக்குகளில். டொலிடோ இருக்கும் லூகாஸ் கவுண்டியில் ஹிலாரிக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகளோ முப்பதாயிரத்துக்கும் மேல். கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால், அதே வாக்குகளோடு மிச்சிகனின் 16 தேர்வாளர்கள் ஹிலாரி பக்கம். ஒஹாயோவில் டிரம்புக்கு இருந்த வித்தியாசம் பெரியது. அங்கே எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் அதிபர் டிரம்ப்தான். அந்த 16 மட்டும் போதாது.

ஒரிகனின் கிழக்குப் பகுதியை ஐடஹோவோடு சேர்க்கக் கேட்கும் ‘பெரிய ஐடஹோ’ இயக்கமும் இருக்கிறது. அங்கே இரு மாநிலச் சட்டமன்றங்களும், காங்கிரஸ் எனப்படும் அவர்கள் நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும். நம் 3ஆவது பிரிவைக் கேட்டால் அவர்களுக்குத் தலை சுற்றும்.

எருமாடு, சேரம்பாடி எல்லாம் கேரளத்துக்குப் போனால் நம் ஒரு வாக்கின் எடை கூடுமா?

காகிதத்தில் கூடும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேருக்கு 234 எம்.எல்.ஏ.க்கள், சராசரி 3.08 லட்சம் பேருக்கு ஒருவர். கேரளத்தில் 3.34 கோடிப் பேருக்கு 140, சராசரி 2.39 லட்சம்.

ஆனால் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394, தொகுதிகள் மூன்று. அதாவது 2.45 லட்சம் பேருக்கு ஒருவர். மாநில எல்லையைத் தாண்டாமலேயே நாம் கேரளக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

எனக்குக் கவலை இந்த இடத்தில்தான். 2001இல் நீலகிரியில் 7,62,141 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 27,000 பேர் குறைந்துவிட்டார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். 2008 மறுவரையறை 2001 கணக்கை வைத்து நடந்ததால் மூன்று தொகுதிகள் தப்பின. 2011 சராசரியில் வகுத்தால் நமக்கு வருவது 2.39. மொத்தத் தொகுதிகளைக் கூட்டாமல் மறுபடி வகுத்தால், மூன்றில் ஒன்று கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. மக்களவைத் தொகுதியில் இது ஏற்கெனவே தெரிகிறது: ‘நீலகிரி’ என்று பெயர், ஆனால் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மலை மேல் இருப்பவை மூன்றுதான். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் சமவெளி. தேயிலை விலையைப் பற்றிப் பேச வேண்டிய எம்.பி., விசைத்தறியையும் மஞ்சளையும் சேர்த்தே சுமக்கிறார்.

மாநில எல்லை மாறுவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். தொகுதிக் கோடு நிச்சயம் வரும். 2001இல் செய்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைதான் மறுபங்கீட்டை நிறுத்திவைத்தது. டீக்கடையில் கேரளாவா, கொங்கா என்று தொண்டை வறளப் பேசுகிறவர்கள், மறுவரையறை ஆணையம் வரைவுப் பட்டியல் வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது ஒரு மனு எழுதிப் போட்டால் அதற்குப் பலன் இருக்கும்.

நீலகிரியை யூனியன் பிரதேசம் ஆக்கிவிட்டால்?

புதுச்சேரியைப் பாருங்கள். 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 3 பேர் மத்திய அரசு நியமித்தவர்கள்; நியமன உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது அந்த மூன்று பேரின் எடை எல்லாருக்கும் புரிந்தது. வேண்டாம் இந்த விஷப்பரீட்சை.

2014இல் நீலகிரியில் நோட்டாவுக்கு இவ்வளவு வாக்கு விழுந்ததற்கும், ‘இருப்பதிலிருந்துதான் எடுக்க முடியும்’ என்ற பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

கொஞ்சம் உண்டு. அந்தத் தேர்தலில் நோட்டாவுக்கு 46,559 வாக்குகள், நாட்டிலேயே அதிகம். பாரதிய ஜனதா வேட்பாளரின் மனு தள்ளுபடியானதால் அந்தக் கட்சிக்குப் போட வேண்டியவர்கள் பலர் கடைசிப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது என் ஊகம். பந்தியில் பலகாரம் இல்லாவிட்டால் சிலர் இலையை மூடிவிடுவார்கள்.

கோடு மாறினால் உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ. என்ன ஆவார்? என் வாக்காளர் அட்டை?

எம்.எல்.ஏ. தன் தொகுதியோடு போய்விடுவார். 2000இல் மத்தியப் பிரதேசத்தின் 320 உறுப்பினர்களில் 90 பேர் ஒரே இரவில் சத்தீஸ்கர் சட்டமன்றமாகி ராய்ப்பூரில் உட்கார்ந்தார்கள். தலைநகரம் மாறியது, அவர்களுக்கு வாக்களித்தவர்கள் அதே வீட்டில் இருந்தார்கள்.

உங்கள் அட்டையும் அப்படியே இருக்கும். பட்டியலில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறலாம். அதைத் தேர்தலுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடந்த முறை மதியம் மூன்று மணிக்கு, கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்த ஒரு அம்மாளின் பெயர் பக்கத்து அறையின் பட்டியலில் இருந்தது. தேடிப்பிடித்து அனுப்ப இருபது நிமிடம் ஆயிற்று. அவர் கோபிக்கவில்லை, எடை போடும் நேரம் தவறிவிடுமே என்று மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.